நாலு பை இருபத்தேழு

திங்கள், நவ. 10

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி இன்னும் ஈரம். நாய் வளர்க்காமலேயே வீடு முழுக்க நனைந்த நாய் வாடை.

அரை நாள் லீவ். எதிர் வீட்டு சாமுவேல் அங்கிள் நேற்று மதியம் போய்விட்டார். நெஞ்சுவலி. ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். தெருவில் யார் வீட்டு மோட்டார் நிற்காமல் ஓடினாலும் கேட்டைத் தட்டிச் சொல்கிற மனுஷன். இன்று மூன்று மணிக்கு அடக்கம்.

மு. சாரிடம் (முரளி சார், எங்கள் முதலாளி. முழுப் பெயர் எழுதுமளவு மரியாதை இந்த மாதம் இல்லை) லீவ் கேட்டால், "க்ளோஸ் ரிலேட்டிவாம்மா?" என்கிறார். எதிர் வீடு சார். "ஓகே ஓகே, மூணு மணிக்குள்ள வந்துடுங்க." மூன்று மணிக்குத்தான் அடக்கம் என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை. காது எதற்கு இருக்கிறதோ அந்த ஆளுக்கு.

வாசலில் தார்ப்பாய், பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாவற்றிலும் தண்ணீர். நின்றுகொண்டே ஜெபம். பெட்டிக்குப் பக்கத்தில் ரோஸ்லின் ஆன்ட்டி. ஒரு பொட்டு கண்ணீர் இல்லை, அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. மகன் டேனியல் தலைமாட்டில். மருமகள் எஸ்தரைக் காணோம் என்று தேடினால், சமையலறைக் கதவோரம் தரையில். மடியில் ஜோயல், கையில் ஒரு ரஸ்க். அவளைச் சுற்றி யாரும் உட்காரவில்லை. அவ்வளவு கூட்டத்தில் அந்த மூலை மட்டும் காலி.

பின்னால் நின்ற ரெண்டு பேர்:

"ஆம்புலன்ஸ் வேற எங்கயோ போயிடுச்சாம்."

"மருமகதான் அட்ரஸைத் தப்பாப் போட்டுட்டாளாம். வீட்டு நம்பர் கூடவா தெரியாது?"

வீட்டுக்கு வந்து அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டே புலம்பல். "இன்னாத்த சொல்றது போ. வண்டி வந்துட்டுதுன்னு போன்ல காட்டுதாம், வாசல்ல பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. அந்தப் பொண்ணு மழையில தெருவுக்கும் வூட்டுக்கும் ஓடிகினே இருந்துச்சாம். நாம இருந்திருந்தா கூட..."

நாங்கள் இல்லை. மறைமலைநகரில் காதுகுத்து. அந்த நேரத்துக்கு நான் இரண்டாம் முறை பிரியாணி போட்டுக்கொண்டிருந்தேன்.

செவ்வாய், நவ. 11

மழை விட்டது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் முழங்காலளவு தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸ். ஆபீஸ் என்பது பேக்கரிக்கு மேல் ஒரு ஹால். ஆறு பேர், ஒரு ஏ.சி., அதிலும் சொட்டு.

வாங்க வேண்டியது: குடை (போன குடை ஷேர் ஆட்டோவில்), அம்மாவுக்குத் தைலம், பூண்டு.

போன உடனே கூட்டம். மு. சார் முகம் சுண்டிப்போயிருந்தது. எங்கள் பெரிய வாடிக்கையாளரான ஆஸ்பத்திரியிலிருந்து போன். அவர்களுடைய வெப்சைட் நாங்கள் செய்தது. அப்பாயின்ட்மென்ட், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க, ஆம்புலன்ஸ் கூப்பிட, எல்லாம் எங்கள் படிவங்கள். நிரல் எழுதுகிறவன் விவேக், சோதித்துப் பார்க்கிறவள் நான்.

ஞாயிறு அன்று ஒரு ஆம்புலன்ஸ் தப்பான இடத்துக்குப் போய் நோயாளி இறந்துவிட்டாராம். "நம்ம சைடுல தப்பா, அவங்க சைடுல தப்பா?"

சாமுவேல் அங்கிள்தான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எதிர் வீடு என்று வாயைத் திறக்கவில்லை.

விவேக் அந்த ஆம்புலன்ஸ் பதிவைத் திறந்தான். எல்லோரும் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தோம். பெயர் சாமுவேல். முகவரி: 427, பிள்ளையார் கோயில் தெரு.

"அப்பாடா" என்றார் மு. சார். வெளிப்படையாக, வாய்விட்டு. "டைப் பண்ணவங்க மிஸ்டேக். நாம என்ன பண்ண முடியும்?" அதைப் படமெடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எல்லோருக்கும் கீழேயிருந்து சமோசா.

பிள்ளையார் கோயில் தெருவின் பழைய பகுதியில் எங்கள் வீடுகள். ஏரிக்கு அந்தப் பக்கம் புதுசாக மனை போட்டவர்களும் அதே பெயரை நீட்டிக்கொண்டார்கள். அங்கேதான் நானூறு, நானூற்றுச் சொச்சம் என்று எண்கள். ஆம்புலன்ஸ் அங்கே போய்ப் பூட்டின வீட்டு வாசலில் நின்றிருக்கிறது.

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. எழுதவே அசிங்கமாக இருக்கிறது. சமோசாவையும் தின்றேன்.

புதன், நவ. 12

வெயில். ஊரே துணி காயப்போடுகிறது.

வேலை முடிந்து வந்ததும் அம்மா இட்லி வைத்த டப்பாவைக் கையில் திணித்தாள். "அந்தப் பொண்ணாண்ட குடு. கெழவிகிட்ட குடுக்காத, அவ வாங்கி உள்ள வச்சுடுவா."

எஸ்தர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிளின் வேட்டியை நாலாக மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். டப்பாவை வாங்கவில்லை.

"சுபாக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க கம்ப்யூட்டர்லதான வேலை பாக்குறீங்க? நான் அன்னிக்கு என்ன அடிச்சேன்னு பாக்க முடியுமா?"

என்ன அடித்தாய் என்று நேற்றே பார்த்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நீயே சொல்லு என்றேன்.

சொன்னாள். ஆன்ட்டி கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டில். டேனியலுக்கு ஷிஃப்ட். சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்த மாமா எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி நம்பர் பிஸியாகவே இருந்தது. வெப்சைட்டில் சிவப்பு பட்டன். மாமாவின் ஆஸ்பத்திரி அட்டை எண்ணைப் போட்டதும் பெயர், போன் எல்லாம் தானாக வந்துவிட்டன. முகவரி மட்டும் அடிக்கச் சொன்னது.

"ஆம்புலன்ஸ் டிரைவர், மாமாவோட நம்பருக்கே கூப்பிட்டிருக்காருக்கா. சர்ச்சுல சைலன்ட்ல போட்ட போன் அப்படியே சட்டைப் பையில தொங்குது. எனக்கு எப்படித் தெரியும்? என் போன்ல 'வந்துட்டது, வந்துட்டது'ன்னு காட்டுது. கீழ ஓடுறேன், யாரும் இல்ல. மேல வரேன், மாமா பேச்சு இல்ல. ஜோயல் கதவைப் பிடிச்சுக்கிட்டு அழறான். கடைசியில மூலை வீட்டு அண்ணன் கார்ல..."

டப்பாவைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன்.

"அட்ரஸ் என்ன அடிச்ச எஸ்தர்?"

"நாலு அடிச்சேன். ஸ்லாஷ் அடிச்சேன். இருபத்தேழு. அடிச்சேன்னுதான் நினைக்கிறேன். இப்ப யோசிச்சா அடிச்ச மாதிரியும் இருக்கு, அடிக்காத மாதிரியும் இருக்கு. ஆஸ்பத்திரியில காட்டுனாங்க, நானூத்து இருபத்தேழுன்னு. அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே."

அவர் என்றால் டேனியல்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் ரெண்டு நம்பர். புது எண், பழைய எண். புதுசாக எண் போட்டபோது பழையதை விட யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் நடுவில் ஒரு கோடு. வாயால் சொல்லும்போது 'பை'. அவர்கள் வீடு நாலு பை இருபத்தேழு. எங்கள் வீடு மூணு பை ஐம்பத்தொண்ணு. கூரியர்காரன் முதல் கேஸ்காரன் வரை எல்லோருக்கும் பாடம்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. நாலு. இருபத்தேழு. நடுவில் இருந்ததை எடுத்துவிட்டால் நானூற்று இருபத்தேழு.

எஸ்தர் அடித்திருந்தால்? அதை வேறு யாராவது எடுத்திருந்தால்?

அம்மா சோறு போட்டாள். தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

வியாழன், நவ. 13

மேகமூட்டம். எல்லோருக்கும் முன்னால் ஆபீஸ். பேக்கரியில் இன்னும் ஷட்டர் பாதி.

சோதனைக்கென்று ஒரு நகல் வெப்சைட் இருக்கிறது. அதில் ஆம்புலன்ஸ் படிவம். முகவரியில் 4/27 என்று அடித்து அனுப்பினேன். பதிவைத் திறந்தேன்.

427.

மறுபடி. 427. எங்கள் வீடு: 3/51. பதிவில் 351. பெயரில் D'Cruz போட்டேன், DCruz என்று வந்தது. ஒரு & போட்டேன், காணோம். # போட்டேன், காணோம். ரத்த வகை மட்டும் நல்லவேளை பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது. அதையும் அடிக்கவிட்டிருந்தால் O+, O- எல்லாம் வெறும் O.

உட்கார்ந்தபடியே அழுதேன். எஸ்தர் சரியாகத்தான் அடித்திருக்கிறாள். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை.

எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக்கொண்டேன்.

விவேக் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடவில்லை. "என்னடா இது?"

பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, சார்தான் சொன்னாரு."

நடந்தது எனக்கும் தெரியும். போன மாதம் எவனோ ஒருத்தன் பெயர்ப் பெட்டியில் பெயருக்குப் பதில் < > போட்டு நாலு வரி நிரல் எழுதி அனுப்பினான். ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் அந்தப் பெயரைத் திறந்ததும் அது ஓட ஆரம்பித்து, திரையில் 'ஹலோ' என்று ஒரு பெட்டி குதித்தது. அவர்கள் பயந்து, மு. சார் பயந்து, "ஸ்பெஷல் கேரக்டர் எதுவுமே உள்ள வரக்கூடாது, எல்லாத்தையும் தூக்கிடு" என்றார். இவன் தூக்கிவிட்டான். எழுத்து, எண், இடைவெளி, கமா, புள்ளி. மற்றதெல்லாம் குப்பை. என்னிடம் சோதிக்கக் கொடுத்தபோது அந்த நிரல் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். ஓடவில்லை. சரி என்று போட்டேன்.

செய்திருக்க வேண்டியது இதில்லை. எவன் எதை அடித்தாலும் அடித்தபடியே வைத்துக்கொள்ள வேண்டும். திரையில் காட்டும்போது மட்டும், < வந்தால் அதற்குப் பதில் &lt; என்று எழுதினால் போதும். பிரவுசர் அதைக் குறியாகக் காட்டும், ஓட்டாது. இதற்குப் பெயர் எஸ்கேப் செய்வது. விவேக்குக்குத் தெரியாததா? தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் போய்ச் செய்ய வேண்டும், நாலு நாள் வேலை. தூக்குவதற்கு ஒரே வரி. தெருவில் ஒரு நாய் கடித்தது என்று நாய், பூனை, கோழி எல்லாவற்றையும் அடித்துப் போட்ட கதை.

மு. சார் வந்தார். சொன்னேன். எதிர் வீடு என்பதையும் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

முதல் கேள்வி அதுதான். செத்தவர் வயசு என்ன என்று கூடக் கேட்கவில்லை.

"சார், அந்த வீட்ல அந்தப் பொண்ணைக் கொலைகாரி மாதிரி பாக்குறாங்க. ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயில் போடுங்க. தப்பு நம்மதுன்னு."

"சுபா, எமோஷனலாப் பேசாதீங்க. அந்த ஆஸ்பத்திரி கைவிட்டுப் போச்சுன்னா இந்த ஆபீஸே இல்ல. ஆறு குடும்பம்."

"அந்த வீடு ஏழாவது குடும்பம் சார்."

மு. சார் தன் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"சரி, அந்த ஃபார்மையாவது இன்னைக்கே மாத்துங்க. இன்னும் எத்தனை வீட்டுக்கு ஸ்லாஷ் இருக்கு இந்த ஊர்ல? அடுத்த ஆம்புலன்ஸ் எங்க போய் நிக்கும்?" கத்தினேன். கீழே பேக்கரிக்குக் கேட்டிருக்கும். ஆபீஸில் முதல் தடவை.

"மாத்தலாம். மாத்தி, நீங்க டெஸ்ட் பண்ணி, அடுத்த வாரம் போடலாம். ஆனா வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாது."

சொல்லிவிட்டு, பல் டாக்டர் என்று கிளம்பிவிட்டார். எஸ்கேப்.

வெள்ளி, நவ. 14

மழை, ஆனால் பேருக்கு. குடை வாங்கியாச்சு. பூண்டு மறந்தாச்சு.

பழைய பதிவுகளைப் பார்த்தேன். அந்த ஒரு வரி போட்ட நாளிலிருந்து ஒரு முகவரியிலும் கோடு இல்லை. 12/3 என்று அடித்ததெல்லாம் ஒட்டிக்கொண்டு 123. எது உண்மையான நூற்றிருபத்துமூன்று, எது பன்னிரண்டு பை மூன்று, யாருக்கும் தெரியாது.

விவேக்கிடம் கேட்டேன், திரும்ப எடுக்க வழி உண்டா என்று. "எஸ்கேப் பண்ணியிருந்தா திருப்பலாம்க்கா. இது உள்ள வரும்போதே வெட்டினது. எங்கயும் இல்ல." அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வீட்டில் கைக்குழந்தை வேறு. திட்டத்தான் நினைத்தேன், வரவில்லை.

ஆக, எஸ்தர் என்ன அடித்தாள் என்று காட்ட இந்த உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. படிவம் இன்றைக்கும் அதே தப்பைச் செய்கிறது என்பது மட்டும்தான் கையில்.

மதியம் நானே ஆஸ்பத்திரிக்கு மெயில் எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் என் ஆபீஸ் மெயில் மூடிக்கொண்டது. மு. சார் கண்ணாடி அறைக்குள்ளிருந்து என்னைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலை இருக்கிறதா இல்லையா, தெரியாது. அம்மாவிடம் தலைவலி என்றேன்.

சனி, நவ. 15

அம்மா காலையிலேயே எதிர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். முகம் சரியில்லை.

"அந்தப் பொண்ண அம்மா வூட்டுக்கு அனுப்புறாங்களாம்டி. திங்கக்கெழம டிரெயின்ல. திருநெல்வேலி பக்கமாம்."

"கொஞ்ச நாள் போய் இருந்துட்டு வரட்டும். நல்லதுதானே."

"இன்னா நல்லது? புள்ளைய இங்க வச்சுக்கறாங்க. டேனியல் சொல்றான், இவள நம்பி எப்படி ஆண்ட்டி புள்ளைய விடறதுன்னு. நாளைக்குக் கொழந்தைக்கு ஒண்ணுன்னா இப்படித்தான் பண்ணுவாளாம்."

"எஸ்தர் என்ன சொன்னா?"

"இன்னா சொல்லும்? தலைய ஆட்டுது. அவரு சொல்றது சரிதான் ஆண்ட்டின்னு என்கிட்டயே சொல்லுது. அதுவே நம்பிகினு கீது, அதான் எனக்கு பேஜாரா கீது."

ஜோயலுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகவில்லை. ராத்திரி அவள் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்லாஷ், விவேக், மு. சார், மெயில், எல்லாம். பாதி புரிந்ததோ என்னவோ. கடைசியில் ஒன்றே கேட்டாள்: "இப்ப போட்டாலும் அந்தக் கோடு காணாம போவுமா?"

போகும் என்றேன்.

"அப்ப இங்க இன்னாத்துக்கு உக்காந்துகினு கீற? அவங்க கண்ணு முன்னால போட்டுக் காட்டு."

அம்மா சொல்வது சரி. நாளைக்கு அவர்கள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும். வேலை போனால் போகட்டும். இந்த ஒரு வாரத்தில் முதல் தடவை பசித்தது. ரெண்டு தோசை.

ஞாயிறு, நவ. 16

நல்ல வெயில். எழுதப் பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரை வாக்கில் போனேன். ஹாலில் அங்கிள் படம், மாலை, பக்கத்தில் சுவரோரம் எஸ்தரின் சூட்கேஸ். டேனியல் சோபாவில். ரோஸ்லின் ஆன்ட்டி நாற்காலியில், சர்ச்சுக்குக் கட்டின வெள்ளைப் புடவை. எஸ்தர் ஜோயலை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக் கதவில். இப்போதும் அந்த மூலைதான்.

நின்றபடியே சொன்னேன். அந்தப் படிவம் எங்கள் ஆபீஸ் செய்தது. அதில் ஒரு தப்பு. யார் ஸ்லாஷ் அடித்தாலும் அது விழுங்கிவிடும். எஸ்தர் சரியாகத்தான் அடித்தாள். தப்பு எங்களுடையது.

எஸ்தர் தலையை நிமிர்த்தினாள். அந்த முகத்தை மறக்க மாட்டேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். டேனியல் பார்த்தார். ஒவ்வொன்றாக, பெரிதாக்கி.

"தப்பா நினைக்காதீங்க சுபா. ஃபோட்டோல என்ன வேணாலும் பண்ணலாம். நீங்களும் அவளும் ஃப்ரெண்ட்ஸ். உங்களுக்கு மனசு கேக்கல, அது எனக்குப் புரியுது."

"ஃபோட்டோ வேண்டாம். உங்க போனைக் குடுங்க. இப்பவே போட்டுக் காட்டுறேன்."

அதைத்தான் எதிர்பார்த்து வந்தேன். ஆம்புலன்ஸைச் சும்மா கூப்பிட முடியாது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் படிவத்துக்கும் அதே வரிதான். டேனியலின் போனில் திறந்தேன். அடிக்கிறது நான் வேண்டாம், நீங்களே அடியுங்கள் என்றேன். அவர் போனை ஆன்ட்டியிடம் நீட்டினார்.

ஆன்ட்டி கண்ணாடி போட்டுக்கொண்டார். ஒற்றை விரலால், ஒவ்வொன்றாக. நாலு. கோடு. இரண்டு. ஏழு. தெருப் பெயர். கீழே பட்டனை அமுக்கச் சொன்னேன். அடுத்த பக்கம் முகவரியைத் திருப்பிக் காட்டும்.

காட்டியது.

4/27, பிள்ளையார் கோயில் தெரு.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டார். 4/27. போனைப் பிடுங்காத குறையாக வாங்கி நான் போட்டேன். 3/51 போட்டேன், 3/51. D'Cruz போட்டேன். நடுவில் இருக்கும் அந்தக் குறிகூட இடம் மாறாமல் D'Cruz.

விவேக். அடுத்த வாரம் வரை காத்திருக்காமல், என் சோதனைக்குக்கூட நிற்காமல், போட்டுவிட்டான். நான் கத்தினேன் இல்லையா, இன்றைக்கே மாற்று என்று. மாற்றிவிட்டான். ஒழுங்காக, கச்சிதமாக, எஸ்கேப் செய்து.

"நேத்து மாத்திட்டாங்க போல... வெள்ளிக்கிழமை வரைக்கும்..." என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"நேத்துதானா?" என்றார் டேனியல். கிண்டல்கூட இல்லை. அலுப்பு.

விவேக்குக்குப் போன் போட்டேன். முழு ரிங் போய் நின்றது. மறுபடி போட்டேன், கட் செய்தான். உடனே ஒரு செய்தி: 'அக்கா சாரி. சார் பேச வேண்டாம்னு சொல்லிட்டாரு.' சரி, நேராக அவருக்கே. ஸ்பீக்கரில் போட்டு மு. சாரைக் கூப்பிட்டேன். எடுத்தார். சொல்லுங்க சார், இங்க அந்த வீட்ல இருக்கேன், ஸ்லாஷ் விஷயம் சொல்லுங்க என்றேன்.

"எந்த ஸ்லாஷ்மா? நம்ம ஃபார்ம்ல அப்படி ஒரு ப்ராப்ளமே இல்லையே. உடம்பு சரியில்லைன்னா நாலு நாள் ரெஸ்ட் எடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வைத்துவிட்டார்.

விவேக்கின் செய்தியை டேனியலிடம் நீட்டினேன். 'பேச வேண்டாம்' என்று இருக்கிறதே, பாருங்கள் என்றேன். "எதைப் பேச வேண்டாம்னு இதுல இல்லையே சுபா" என்றார். இல்லைதான்.

ஆன்ட்டி போனை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தபடியே, யாரிடம் என்று இல்லாமல், மெதுவாகச் சொன்னார்:

"நாலு பை இருபத்தேழு. சரியாத்தான வருது. எனக்கே வருது. அன்னிக்கும் இப்படி அடிச்சிருந்தா அவரு இருந்திருப்பாரு."

தெருவில் கீரைக்காரியின் சத்தம்.

நான் எஸ்தரைப் பார்த்தேன். நீ அடித்தாய், எஸ்தர், நீ அடித்தாய், நான் சத்தியம் செய்கிறேன் என்று சொன்னேன். சொன்னேனா, கத்தினேனா, தெரியவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தத் திரையைப் பார்த்தாள். பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். ஒரு வாரமாக அவளுக்கு இருந்த சந்தேகம் முகத்தில் இல்லை.

"நான்தான் அன்னிக்கு ஸ்லாஷ் போடல அத்தை" என்றாள்.

சொல்லிவிட்டு ஜோயலைக் கொண்டுபோய் ஆன்ட்டி மடியில் உட்கார வைத்தாள்.